இரவல் பதிவேட்டில் இல்லாத ஒரு வாசகி: மட்டக்களப்பு வாவிக்கரை நூலகமொன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலோரமாகக் கிடக்கும் நிலம் எழுவான்கரை. மேற்கே வயலும் குளமுமாக விரிவது படுவான்கரை. கந்தோர், வங்கி, பெரிய ஆஸ்பத்திரி என்று மனுசர் அலைய வேண்டிய இடங்களில் பல எழுவான்கரையிலேயே இருக்கின்றன. படுவான்கரையார் பாலம் உள்ள இடத்தில் பாலத்தாலும், இல்லாத இடத்தில் பாதையாலும் வருவார்கள். வெளியூர் வாசகருக்காக ஒரு சொல்: இங்கே பாதை என்பது வீதி அல்ல. ஆளையும் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் தட்டையான படகு. குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையில் ஓடுவதை மண்டூர் முருகன் திருவிழாவுக்குப் போனவர்கள் அறிவார்கள்.

இந்த ஆய்வில் வரும் நூலகம் அப்படியொரு துறையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ளது. பிரதேச சபைக்கு உரியது. நான் அப்போது பொறுப்பு நூலகர். என்னோடு ஒரு நூலக உதவியாளரும் ஒரு தொழிலாளியும் வேலை செய்தார்கள். சம்பந்தப்பட்ட பெண்மணியின் ஒப்புதலோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியாதிருக்க ஊரையும், கடிதம் அனுப்பிய அலுவலகத்தையும், கொடுப்பனவின் வகையையும் விட்டிருக்கிறேன்.

வாசிப்புப் பகுதியில் யாரும் வந்து உட்காரலாம். இரவல் எடுக்கத்தான் அங்கத்துவம் வேண்டும். அதற்கு எங்கள் சபை எல்லைக்குள் குடியிருப்பதைக் கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்த வேண்டும், பிணையாளரும் வேண்டும். பாதையால் வருகிறவர்கள் வேறு சபைக்கு உரியவர்கள். ஆகவே அவர்கள் எத்தனை முறை வந்துபோனாலும் எங்கள் பதிவேட்டில் ஏறுவதில்லை. இந்த விதியை நான் பல வருடம் கேள்வியின்றி நடைமுறைப்படுத்தினேன்.

ஐயவினா

நாட்டில் பொருளாதார நெருக்கடி வந்த 2022 எல்லாருக்கும் நினைவிருக்கும். மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. கடதாசித் தட்டுப்பாட்டில் பத்திரிகைகள் பக்கம் குறைந்தன. எங்களுக்குப் புதிய நூல் வாங்கும் பணம் அந்த வருடம் வரவேயில்லை. புதிய நூல் வராத அலுமாரிக்கு வாசகரும் வரமாட்டார். இரவல் தொகை மாதத்துக்கு மாதம் இறங்கியது.

ஓகஸ்டில் கணக்காய்வு ஐயவினா வந்தது. இவ்வளவு குறைந்த இரவலுக்கு மூன்று ஆட்களும் வாரத்தில் ஆறு நாளும் தேவையா என்பதே கேள்வியின் சாரம். நூலகத்தை வாரத்தில் மூன்று அரைநாள் திறந்தால் போதும் என்ற யோசனை சபைக்குள் எழுந்தது. செயலாளர் நியாயமான மனிதர். “உங்கட விளக்கத்தை எழுத்தில தாங்க, ஒக்டோபர் கூட்டத்துக்கு வைப்பம்” என்றார்.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. ஆனால் கோபத்தை ஐயவினாவுக்குப் பதிலாக எழுத முடியாது. மாதாந்தப் புள்ளிவிவரப் படிவத்தில் இருந்த நிரல்கள் இரவல், மீளளிப்பு, புதிய அங்கத்தவர், தாமதக் கட்டணம் ஆகியவைதான். நான்கும் நூலைப் பற்றியவை. நூலைத் தொடாமல் போகிறவரைப் பற்றி அந்தப் படிவமும் கேட்டதில்லை, நாங்களும் எழுதியதில்லை.

எண்ணத் தொடங்கினோம்

செப்டெம்பர் நடுப்பகுதியிலிருந்து வாசலில் ஒரு தாள் வைத்து, உள்ளே வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு போட்டோம். நாலு கோடு, ஐந்தாவது குறுக்கே. எதற்காக வந்தார் என்பதைக் கேட்பதில்லை. பார்த்துத் தெரிந்தால் குறிப்பது. வாசகர் வட்டத்தைச் சேர்ந்த, ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியர் ஒருவர் பிற்பகல்களில் இந்த வேலைக்கு உதவினார்.

மூன்றாம் நாளே தாளில் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. அன்று இரவல் போனது 7 நூல். உள்ளே வந்தவர்கள் 53 பேர். உயர்தரப் பரீட்சை எழுதவிருந்த மாணவர்கள் தங்கள் சொந்தக் கொப்பிகளோடு வந்து பெரிய சன்னலோர மேசையைப் பிடித்தார்கள். வீட்டில் மின்சாரம் இல்லாத நேரத்தில் அந்தச் சன்னல் வெளிச்சமே அவர்களுக்கு வேண்டியிருந்தது. பரீட்சை 2023 ஜனவரியில். காலையில் வயதானவர்கள் வீரகேசரியையும் தினகரனையும் தாள் தாளாகப் பிரித்துப் பங்குபோட்டு வாசித்தார்கள். வெள்ளிக்கிழமை வர்த்தமானிக்கு ஒரு தனிக் கூட்டம். இளைஞர்கள் வேலை வெற்றிடத்தைப் பார்த்துக் கையில் எழுதிக்கொண்டு போனார்கள். படிவம் நிரப்ப வந்தவர்கள், தொலைபேசிக்குச் சார்ஜ் ஏற்ற வந்தவர்கள், பஸ்ஸுக்கு நேரம் போக்க வந்தவர்கள், தண்ணீர் குடிக்க வந்தவர்கள் என்று பட்டியல் நீண்டது. தண்ணீர் குடிப்பதை நூலகச் சேவையாக எழுதலாமா என்று உதவியாளர் கேட்டார். எழுதச் சொன்னேன்.

இன்னொன்றும் தெரிந்தது, அது எனக்கு உவப்பாக இருக்கவில்லை. பெரியவர்களில் பெண்கள் மிகக் குறைவு. வந்தவர்களும் பெரும்பாலும் பிள்ளையைச் சிறுவர் பகுதியில் விட்டுவிட்டு வாசலில் நின்றவர்கள்.

கோடு போடப் புதுத் தாள் செலவழிக்க மனம் வரவில்லை. போட்டோக்கொப்பி இயந்திரத்தில் பிழைத்துப்போய்த் தட்டில் கிடந்த தாள்களின் வெற்றுப்பக்கத்தைப் பயன்படுத்தினோம். இந்தச் சிக்கனம் பின்னால் முக்கியமாகிறது.

செப்டெம்பர் 21, புதன்கிழமை

முற்பகல் பத்துமணி அளவில் நாற்பதுகளில் உள்ள ஒரு பெண்மணி வந்து பத்திரிகை மேசையில் உட்கார்ந்தார். பத்திரிகையைத் தொடவில்லை. அரைமணி நேரத்துக்குப் பிறகு எழுந்து உதவியாளரிடம் வந்து ஒரு கடித உறையை நீட்டினார்: “தங்கச்சி, இதுல என்ன எழுதியிருக்கெண்டு ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்களன்.”

கடிதம் முழுவதும் சிங்களத்தில். கொழும்பிலுள்ள ஓர் அரச அலுவலகத்திலிருந்து வந்தது. இறந்த கணவரின் பெயரில் அவருக்குச் சேர வேண்டிய ஒரு கொடுப்பனவுக்கு முந்திய வருடம் விண்ணப்பித்திருந்தார், அதற்கான பதில். பாதையால் வந்து, கந்தோரில் ஒருவரைத் தேடி, அவர் விடுமுறை என்று தெரிந்து, என்ன செய்வதென்று தெரியாமல் நிழலுக்கு நூலகத்துக்குள் வந்திருக்கிறார். நூலகம் என்று வந்ததல்ல. நிழல் என்று வந்தது.

உதவியாளருக்குச் சிங்களம் பேசவரும், எழுத்துக்கூட்டி வாசிக்கவும் வரும். ஆனால் பேச்சுச் சிங்களமும் அரச கடிதத்தின் சிங்களமும் ஒன்றல்ல, வினைமுற்றே மாறிவிடும். கடைசிப் பந்தியில் கோப்பு மூடப்படுவது பற்றி ஒரு வரி. அவர் அதைக் ‘கோப்பு மூடப்பட்டது’ என்று புரிந்துகொண்டு, மிகுந்த வருத்தத்தோடு அப்படியே சொன்னார். தன் காசில் ஒரு போட்டோக்கொப்பியும் எடுத்துக் கொடுத்தார். முதல் கொப்பி சரிந்து விழுந்ததால் இரண்டாவது எடுத்தார். பெண்மணி நன்றி சொல்லிவிட்டுப் பதினொன்றரைப் பாதைக்குப் போனார்.

நான் அப்போது என் மேசையில்தான் இருந்தேன். பார்த்தேன், உதவியாளர் ஒருவருக்கு உதவி செய்கிறார் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டு என் வேலையைப் பார்த்தேன்.

தாளின் மறுபக்கம்

ஒன்பது நாள் கழித்து, 30ஆம் திகதி வெள்ளிக்கிழமை, வாரக் கோடுகளைக் கூட்டிக்கொண்டிருந்த ஆசிரியர் ஒரு தாளைத் திருப்பினார். சரிந்து விழுந்த அந்த முதல் கொப்பி. பழக்கத்தில் வாசித்துவிட்டார். வாசித்தவர், “இந்த ஆள் ஆவணங்களை அனுப்பிட்டாரா?” என்று கேட்டார்.

கடிதம் சொன்னது வேறு. கடிதத் திகதியிலிருந்து 30 நாட்களுக்குள் மூன்று ஆவணங்களை அனுப்ப வேண்டும். அனுப்பாவிடில் கோப்பு மூடப்படும். கடிதத்தின் திகதி செப்டெம்பர் 5. கடைசி நாள் ஒக்டோபர் 5. இடையில் சனி, ஞாயிறு. நவராத்திரிக் காலம் வேறு. கந்தோர்களில் வாணி விழா ஏற்பாடு.

இரண்டு தவறுகள் ஒரே தாளில் இருந்தன. ஒன்று பிழையான வாசிப்பு. மற்றது, ஒரு பெண்ணின் பெயரும் முகவரியும் அடையாள அட்டை இலக்கமும் உள்ள தாளை நாங்கள் கணக்குத்தாளாக வாசலில் வைத்திருந்தது. இரண்டாவது தவறு இல்லாவிட்டால் முதலாவது வெளியே வந்திருக்காது என்பது உண்மை. அதனால் அது சரியாகிவிடாது. அந்தத் தாள் வேறு யார் கைக்கும் போயிருக்கலாம்.

உதவியாளர் அழத் தொடங்கினார். அவரைத் திட்டுவதா தேற்றுவதா என்று யோசிக்க நேரமில்லை. தவறு அவருடையது என்று எழுதி முடிப்பது எனக்கு இலகு. அரச சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவர் பிற்பகலில் அதே மண்டபத்தில் இருக்கிறார், முற்பகலில் வந்த கடிதத்தை அவருக்காகக் காத்திருக்கச் சொல்லும் ஒழுங்கு இல்லை. அந்த ஒழுங்கைச் செய்ய வேண்டியவள் நான்.

ஐந்து நாட்கள்

முதல் தீர்மானம், நடந்ததை அவரிடம் மறைக்காமல் சொல்வது. ‘புதிய தகவல் கிடைத்தது’ என்று மழுப்பலாமா என்று ஒரு யோசனை வந்தது. வேண்டாம் என்றோம். பிழையாகச் சொன்னது நாங்கள் என்று தெரியாவிட்டால், இனிமேல் நாங்கள் சொல்வதை எவ்வளவுக்கு நம்பலாம் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அவருடைய தொலைபேசி இலக்கம் எங்களிடம் இல்லை. அங்கத்தவராக இருந்திருந்தால் அட்டையில் இருந்திருக்கும். கொப்பியில் இருந்த முகவரி ஒரு கிராமத்தின் பெயரோடு நின்றது. எரிபொருள் பங்கீட்டு அட்டைக்கு மோட்டார் சைக்கிளுக்குக் கிடைக்கும் பெற்றோல் வாரத்துக்குச் சில லீற்றர்தான். அது ஏற்கெனவே முடிந்திருந்தது. சனிக்கிழமை காலை உதவியாளர் தானே போவதாகச் சொல்லி, சைக்கிளோடு முதல் பாதையில் ஏறினார். பாதைக்காரரிடம் கிராமத்தையும், கணவர் இறந்த விவரத்தையும் சொன்னதும் வீடு எங்கே என்று அவர் சொல்லிவிட்டார். நூலகத்துக்கு இல்லாத வாசகர் பதிவேடு அவரிடம் இருந்தது.

பெண்மணி கோபப்படவில்லை, முதலில் நம்பவில்லை. மூடிவிட்டது என்று சொன்ன அதே ஆள் மூடவில்லை என்கிறார். கடிதத்தை ஆசிரியர் தொலைபேசியில் வரிவரியாக வாசித்துத் தமிழில் சொன்ன பிறகே எழுந்து பெட்டியைத் திறந்தார். மரண அத்தாட்சிப்பத்திரம் இருந்தது. விவாகப் பதிவின் பிரதி இல்லை. மூன்றாவது, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல். அதில் பிரதேச செயலாளர் மேலொப்பம் இட வேண்டும். கிராம உத்தியோகத்தரை அன்றே வீட்டில் சந்தித்தார்கள். திங்கட்கிழமை பிரதேச செயலகத்தில் பதிவுப் பகுதியில் பிரதியும், மாலைக்குள் மேலொப்பமும் கிடைத்தன. அங்கிருந்தவர்கள் நிலைமையைக் கேட்டு விரைவாகச் செய்தார்கள்.

எந்த மொழியில் எழுதுவது

ஆவணங்களோடு போகும் மேற்கடிதத்தில் ஒரு கருத்து வேறுபாடு வந்தது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆசிரியர் சிங்களத்தில் எழுதுவோம் என்றார்: “வேலை கெதியா நடக்கும், மொழிபெயர்ப்புக்கெண்டு கிடப்பில போடமாட்டாங்க.” அதில் உண்மை இருந்தது.

நான் மறுத்தேன். சட்டப் புத்தகத் தட்டில் அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதி ஒன்று இருந்தது. அட்டை கிழிந்தது, ஆனால் 1988இன் 16ஆவது திருத்தம் சேர்ந்தது. அதன் 22ஆம் உறுப்புரைப்படி, சிங்களம் நிருவாக மொழியாக உள்ள இடத்து அலுவலரோடும் ஒருவர் தமிழில் தொடர்புகொள்ளலாம். தான் எழுதிய மொழியிலேயே பதில் பெறும் உரித்தும் அவருக்கு உண்டு. நாங்கள் சிங்களத்தில் எழுதினால் அடுத்த கடிதமும் சிங்களத்தில் வரும். அன்றைக்கும் அவர் ஒரு உறையைத் தூக்கிக்கொண்டு பாதையேற வேண்டும்.

ஈற்றில் இரண்டும் செய்தோம். கையொப்பமிட்ட கடிதம் தமிழில், 22ஆம் உறுப்புரையைக் குறிப்பிட்டு, இனிவரும் கடிதங்களைத் தமிழில் தருமாறு ஒரு வரியோடு. பின்னால் ஊசியால் குத்திய அரைப்பக்கச் சிங்களச் சுருக்கம், கையொப்பம் இல்லாமல். ஒக்டோபர் 4 காலையில் பதிவுத் தபாலில் போனது; அதே பிரதிகளைத் தொடர்பாடல் கடையிலிருந்து மின்னஞ்சலிலும் அனுப்பினோம். பதிவுத் தபால் பற்றுச்சீட்டை அவரிடம் கொடுத்தோம். நாங்கள் எதையும் வைத்துக்கொள்ளவில்லை.

சபைக்கூட்டமும் அதன் பின்னும்

எண்ணிக்கைத் தாள்களோடு இந்த நிகழ்வையும் தவறு உட்பட விளக்கத்தில் எழுதினேன். தவறை எழுத வேண்டாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். யுனெஸ்கோவும் சர்வதேச நூலகச் சங்கங்களின் சம்மேளனமும் 1994இல் வெளியிட்டு 2022இல் புதுப்பித்த பொது நூலகப் பிரகடனம், பொது நூலகத்தை அந்தந்த இடத்தின் தகவல் மையம் என்கிறது. அதையும் மேற்கோள் காட்டினேன். கூட்டத்தில் அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. கோடு போட்ட தாள்களைத்தான் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள்.

அரைநாள் யோசனை கைவிடப்பட்டது. ஆனால் செயலாளர் வேறொரு கதவை மூடினார். பிழையாகச் சொல்லி ஒருவருக்கு நட்டம் வந்தால் சபை பொறுப்பா என்று கேட்டு, ஊழியர் எவரும் கடிதம் வாசித்துச் சொல்லக்கூடாது என்றார். அவர் கேட்டது சரியான கேள்வி. இரண்டு வாரம் பேசி ஓர் இணக்கத்துக்கு வந்தோம். சிங்களக் கடிதங்களுக்குச் சனிக்கிழமை காலை ஆசிரியர் மேசையில் இருப்பார். கடிதத்தில் உள்ளதை மட்டும் சொல்வார். என்ன செய்யலாம் என்ற ஆலோசனை கிடையாது. திகதி, கேட்கப்பட்ட ஆவணம், அலுவலகத் தொலைபேசி ஆகிய மூன்றையும் ஒரு துண்டில் எழுதி உரியவரிடமே கொடுப்பார். மற்ற நாட்களில் வருபவருக்குச் சனிக்கிழமை வரச் சொல்ல வேண்டும். அவசரமென்றால் தொலைபேசியில் ஆசிரியருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். தூயி நூற்பகுப்பில் 491.48இன் கீழ் இருந்த சிங்கள–தமிழ் அகராதியை உசாத்துணைத் தட்டிலிருந்து எடுத்து அந்த மேசையில் வைத்தோம்.

எண்ணிக்கையிலிருந்து எடுத்த மற்றத் தீர்மானம் பிழைத்தது. உயர்தர மாணவர் கூட்டத்தைப் பார்த்து டிசம்பரிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் இரவு ஏழு மணி வரை திறந்தோம். மாணவர்கள் வந்தார்கள். படுவான்கரையிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. பரீட்சை முடிந்தபின் மண்டபம் வெறிச்சோடியது. பெப்ரவரிக் கடைசியில் துறைக்குப் போய்ப் பாதைக்குக் காத்திருந்தவர்களிடம் கேட்டேன். ஒரு பெண் சிரித்தார்: “ஏழு மணிக்குத் திறந்து வச்சு என்ன மிஸ், எங்களுக்குக் கடைசிப் பாதை அதுக்கு முந்திப் போயிரும்.” காலையில் சந்தைக்கும் கந்தோருக்கும் வருகிறவர்கள் எட்டு மணிக்கே வந்து, கந்தோர் திறக்கும்வரை கடைத்திண்ணையில் இருக்கிறார்கள். நாங்கள் திறந்தது ஒன்பதுக்கு. உள்ளே வந்தவர்களையே எண்ணிவிட்டு, வராதவர்களுக்காக நேரம் குறித்திருக்கிறோம். 2023 ஏப்ரலிலிருந்து இரண்டு நாள் எட்டு மணிக்குத் திறக்கிறோம். அப்போது தெரிவுசெய்யப்பட்ட சபைகள் கலைந்து செயலாளரே முடிவெடுக்கும் காலம். ஒரு பக்கக் கடிதத்தில் அனுமதி கிடைத்தது.

அந்தப் பெண்மணிக்கு நவம்பர் கடைசியில் பதில் வந்தது, தமிழில். ஆவணங்கள் காலத்துக்குள் கிடைத்ததாகவும் வங்கிக் கணக்கு விவரம் தேவை என்றும் இருந்தது. அதை அவர் தானே வாசித்து, தானே அனுப்பினார்; எங்களிடம் வரவேயில்லை. 2023 மே மாதத்தில் பணம் கிடைத்த பிறகுதான் வந்து சொன்னார். எங்கள் உதவி எவ்வளவுக்குக் காரணம் என்று அளந்து சொல்ல முடியாது. முதல்நாள் அவரை நாங்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருந்தால், சிங்களம் தெரிந்த வேறொருவரிடம் அன்றே சரியாகக் கேட்டிருக்கவும் கூடும்.

இன்று செய்வதானால்

போட்டோக்கொப்பித் தட்டில் ஒரு தாளும் இரவு தங்கக்கூடாது. இப்போது தொழிலாளி அவற்றை உரியவர் முன்னால் கிழிக்கிறார். உரியவர் போய்விட்டால் மாலையில் பின்வளவில் எரிக்கிறார். கோடு போட வெற்றுத்தாளே பயன்படுத்துகிறோம்.

எதையும் ‘முடிந்தது’ என்று சொல்வதற்கு முன் இரண்டாவது ஆள் பார்க்க வேண்டும் என்பதை முதலிலேயே விதியாக்கியிருக்க வேண்டும். ‘இன்னும் செய்யலாம்’ என்று பிழையாகச் சொன்னால் ஒரு முத்திரைக் காசு போகும். ‘முடிந்தது’ என்று பிழையாகச் சொன்னால் ஆள் வீட்டுக்குப் போய்விடுவார்.

வேறு சபைக்குரியவருக்கு வைப்புப்பணம் வாங்கிக்கொண்டு அங்கத்துவம் கொடுக்கலாம் என்று 2023இல் எழுதிக் கொடுத்தேன். அனுமதி கிடைத்தது, ஆனால் வைப்புத் தொகையைப் பார்த்துவிட்டு இதுவரை சேர்ந்தவர்கள் மிகச் சிலர். தொகையைக் குறைக்கும் கடிதம் கோப்பில் கிடக்கிறது. பெண்களுக்கென்று ஒரு நேரம் ஒதுக்கலாமா என்பதை இரண்டுமுறை பேசினோம், முடிவு எடுக்கவில்லை. இதில் எனக்கே தெளிவில்லை: தனி நேரம் வைத்தால் மற்ற நேரமெல்லாம் ஆண்களுடையது என்று எழுதாமல் எழுதிவிடுவோமோ என்ற தயக்கம்.

உதவியாளர் அரசகரும மொழித் தேர்ச்சிக்காகச் சிங்களம் படித்து எழுத்துப் பரீட்சையில் சித்தியடைந்துவிட்டார். ஆசிரியருக்குக் கண்ணில் வெண்புரை. சத்திரசிகிச்சை முடியும்வரை சனிக்கிழமை மேசையில் உதவியாளர் இருக்கிறார், சந்தேகமான வரியைத் தொலைபேசியில் வாசித்துக் கேட்டுக்கொண்டு. மாதாந்தப் படிவத்தில் இன்னும் அதே நான்கு நிரல்தான். உள்ளே வந்தவர் தொகையை ஓரத்தில் பென்சிலால் எழுதி அனுப்புகிறோம்.